மவுஸில் ஓடுகிறது, கீபோர்டில் நிற்கிறது: இணையதள அணுகல்தன்மைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பார்வையற்றவரோ, மவுஸ் பிடிக்க முடியாதவரோ அனுப்பும் புகார் பெரும்பாலும் ஒரே வரிதான்: "உங்கள் தளம் வேலை செய்யவில்லை." டெவலப்பர் தன் கணினியில் திறந்து பார்ப்பார், எல்லாம் ஓடும். "எங்கள் பக்கம் சரியாகவே இருக்கிறது" என்று பதில் போகும். விஷயம் அத்தோடு முடிந்துவிடும். முடியக் கூடாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கோளாறு இருக்கும் இடத்துக்குப் போய்விட முடியும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எந்த அலங்காரமும் இல்லாத வெறும் எச்டிஎம்எல் பக்கம் ஏற்கெனவே பெருமளவு அணுகக்கூடியது. பட்டனுக்கு டேப் விசையால் போகலாம். லிங்க் தன்னை லிங்க் என்று அறிவிக்கும். ஜூம் செய்தால் எழுத்து பெரிதாகும். இதையெல்லாம் பிரௌசரே தருகிறது. அதற்கு மேல் நாம் அடுக்கும் சிஎஸ்எஸ்ஸும் ஜாவாஸ்கிரிப்டும்தான் ஒவ்வொன்றாகப் பறிக்கின்றன. ஆகவே எந்த அறிகுறியானாலும், எதைப் பறித்தோம் என்று முதலில் தேடுங்கள். புதிதாக எதையும் சேர்ப்பது அதற்குப் பிறகு.

தொடங்கும் முன்: நான்கு கேள்விகள், மூன்று சோதனைகள்

புகார் தந்தவரிடம் கேளுங்கள்: எந்தப் பக்கம், எந்த பிரௌசர், என்ன உதவிக் கருவி (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் ஸ்கிரீன் ரீடரா, குரல் கட்டளையா, திரைப் பெருக்கியா, கீபோர்டு மட்டுமா), எந்த விசையை அழுத்தியபோது என்ன நடந்தது. "என்விடிஏ ஸ்கிரீன் ரீடர், ஃபயர்ஃபாக்ஸ், கட்டணப் பக்கம், 'தொடர்க' மேல் என்டர் அழுத்தினேன், ஒன்றும் கேட்கவில்லை" என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

பிறகு உங்கள் கணினியில் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், ஷிஃப்ட்+டேப், என்டர், ஸ்பேஸ், அம்பு விசைகள், எஸ்கேப் ஆகியவற்றால் மட்டும் அந்த வேலையை முடித்துப் பாருங்கள். அடுத்து ஸ்கிரீன் ரீடர். விண்டோஸுக்கு என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. அதன் டூல்ஸ் மெனுவில் உள்ள ஸ்பீச் வியூவரைத் திறந்தால் பேசுவதெல்லாம் எழுத்தாகவும் வரும். கேட்டுப் பழகாதவருக்கு இது பெரிய உதவி. இன்சர்ட்+எஃப்7 அழுத்தினால் பக்கத்தின் லிங்குகள், தலைப்புகள், படிவப் புலங்கள் பட்டியலாக வரும். மேக்கில் கமாண்ட்+எஃப்5 வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடரை எழுப்பும். ஆண்ட்ராய்டில் டாக்பேக். மூன்றாவதாக, பிரௌசர் சாளரத்தை 1280 பிக்சல் அகலத்தில் வைத்து 400% ஜூம்.

ஒரு பொய்யான அலாரம்: மேக்கில் சஃபாரியில் டேப் அழுத்தும்போது லிங்குகள் தாண்டிப் போனால் அது உங்கள் தளத்தின் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. சஃபாரியின் இயல்பு நிலையே அதுதான். ஆப்ஷன்+டேப் அழுத்துங்கள், அல்லது அதன் செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"பட்டனை அழுத்தவே முடியவில்லை"

டேப் அழுத்திக்கொண்டே போகிறீர்கள். அந்தப் பட்டன் மேல் நிற்காமல் தாண்டிவிடுகிறது. பிரௌசரின் இன்ஸ்பெக்டரில் (பக்கத்தின் நிரலைக் காட்டும் கருவி) பாருங்கள். பெரும்பாலும் அது, கிளிக்கைக் கவனிக்கும் ஆன்கிளிக் மாட்டிய, தனி அர்த்தம் இல்லாத டிவ் அல்லது ஸ்பான் பெட்டியாக இருக்கும். இல்லையென்றால் எச்ரெஃப் (போகும் முகவரி) இல்லாத லிங்க். அதற்கும் ஃபோகஸ் (கீபோர்டு அந்த இடத்தில் நிற்கும் நிலை) கிடையாது.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. என்விடிஏவின் உலாவும் நிலையில் (அம்பு விசைகளால் பக்கத்தைப் படிக்கும் நிலை) அந்த டிவ் மேல் என்டர் அழுத்தினால், அது தானே ஒரு கிளிக்கை அனுப்பிவிடும். "ஸ்கிரீன் ரீடரில் சோதித்தோம், ஓடுகிறது" என்று அறிக்கை வரும். ஸ்கிரீன் ரீடர் இல்லாமல் கீபோர்டை மட்டும் நம்பும், கை நடுக்கம் உள்ள ஒருவருக்கு அது ஓடாது. இரண்டு சோதனையும் தனித்தனியாக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

தீர்வு: டிவ்வை எடுத்துவிட்டு உண்மையான பட்டன் டேக் போடுங்கள். டைப் மதிப்பை "பட்டன்" என்று குறிப்பிட மறக்காதீர்கள். படிவத்துக்குள் இருக்கும் பட்டனின் இயல்பான டைப் "சப்மிட்". குறிப்பிடாவிட்டால் மெனுவைத் திறக்கும் பட்டன் படிவத்தையே அனுப்பிவிடும். பலர் இதைப் பார்த்து மிரண்டு மறுபடி டிவ்வுக்கே போய்விடுகிறார்கள். தோற்றம்தான் கவலையென்றால் பின்னணி, பார்டர், எழுத்துரு மூன்றையும் சிஎஸ்எஸ்ஸில் ரீசெட் செய்தால் டிவ் போலவே இருக்கும்.

டிவ்வை மாற்றவே முடியாத பழைய கோடு (நிரல்) என்றால் நான்கும் சேர்ந்து வேண்டும்: ரோல் (உறுப்பு என்ன வகை என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் பண்பு) "பட்டன்", டேப் விசை நிற்க டேப்இண்டெக்ஸ் 0, என்டருக்கு ஒரு கையாளி, ஸ்பேஸுக்கு ஒரு கையாளி. ஸ்பேஸுக்குப் பக்கம் கீழே உருளும் இயல்பைத் தடுக்கவும் வேண்டும். ரோலை மட்டும் போட்டால் இன்னும் மோசம்: "பட்டன்" என்று ஸ்கிரீன் ரீடர் வாக்குக் கொடுக்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

மவுஸ் மேலே வந்தால் மட்டும் விரியும் துணைமெனுவும் இதே இனம்தான். விரிக்க ஒரு பட்டன் வையுங்கள். அதில் ஏரியா-எக்ஸ்பாண்டட் (உதவிக் கருவிகளுக்குத் தகவல் சொல்லும் ARIA பண்புகளில் ஒன்று) மதிப்பை விரியும்போது ட்ரூ, மூடும்போது ஃபால்ஸ் என்று மாற்றுங்கள். தளத்தின் சாதாரண வழிகாட்டி மெனுவுக்கு ரோல் "மெனு" போடாதீர்கள். அது டெஸ்க்டாப் மென்பொருள் மெனுவுக்கானது. போட்டால் பயனர் அம்பு விசைகளை எதிர்பார்ப்பார். நீங்கள் அதை எழுதியிருக்க மாட்டீர்கள்.

"டேப் அழுத்துகிறேன், எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை"

சிஎஸ்எஸ்ஸில் "அவுட்லைன்: நன்" என்று தேடுங்கள். ரீசெட் கோப்பிலோ, வாங்கிய தீமிலோ கட்டாயம் ஒன்று கிடக்கும். மவுஸால் கிளிக் செய்யும்போது வரும் வளையம் அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ எடுத்திருப்பார்கள். அந்த வரியை நீக்குங்கள். "ஃபோகஸ்-விசிபிள்" என்ற போலி வகுப்பில் (சூடோ கிளாஸ்) 2 அல்லது 3 பிக்சல் அவுட்லைன், 2 பிக்சல் ஆஃப்செட் கொடுங்கள். பட்டன்களில் கீபோர்டால் வருவோருக்கு மட்டும் வளையம் தெரியும். வடிவமைப்பாளரும் எதிர்க்க மாட்டார். வளையத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3:1 ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட் விகிதம்) வேண்டும்.

வளையத்துக்குப் பதில் பாக்ஸ்-ஷேடோ மட்டும் போட்டிருந்தால் விண்டோஸின் ஹை கான்ட்ராஸ்ட் நிலையில் அது மறைந்துவிடும். கூடவே ஒளிபுகும் நிறத்தில் 2 பிக்சல் அவுட்லைன் சேர்த்து வையுங்கள். சாதாரண நிலையில் தெரியாது; ஹை கான்ட்ராஸ்டில் அதுவே வளையமாகும்.

வளையம் இருந்தும் தெரியவில்லையென்றால், மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் தலைப்பட்டைக்கு அடியில் போயிருக்கும். ஷிஃப்ட்+டேப்பில் மேல்நோக்கி வரும்போது இது நன்றாக அம்பலமாகும். பட்டையின் உயரம் 80 பிக்சல் என்றால் எச்டிஎம்எல் உறுப்பில் ஸ்க்ரோல்-பேடிங்-டாப் 90 பிக்சல் கொடுங்கள். 2023 அக்டோபரில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2 இதைத் தனி விதியாகவே சேர்த்திருக்கிறது.

ஃபோகஸ் தெரிகிறது, ஆனால் கண்டபடி தாவுகிறதா? டேப்இண்டெக்ஸில் 1, 5, 10 போன்ற எண்கள் இருக்கின்றனவா பாருங்கள். 0, -1 தவிர வேறு எண் எதுவும் வேண்டாம். அதுவும் இல்லையென்றால் ஃப்ளெக்ஸ் அல்லது கிரிடில் "ஆர்டர்" கொண்டு பார்வை வரிசையை மாற்றியிருப்பார்கள். டேப் மூலக் கோடின் வரிசையில்தான் போகும். கோடின் வரிசையையே மாற்றுங்கள்.

"பாப்-அப் திறந்தது, ஆனால் பின்னால் இருக்கும் பக்கத்தையே படிக்கிறது"

பாப்-அப் ஒழுங்காக இருக்க நான்கு வேலை நடக்க வேண்டும். திறந்ததும் ஃபோகஸ் உள்ளே போக வேண்டும். பின்னால் உள்ள பக்கம் செயலற்றதாக வேண்டும். எஸ்கேப் மூட வேண்டும். மூடியதும், திறந்த பட்டனுக்கே ஃபோகஸ் திரும்ப வேண்டும். கையால் எழுதிய பாப்-அப்களில் கடைசி வேலைதான் அதிகம் விடுபடுகிறது. மூடியதும் ஃபோகஸ் பக்கத்தின் உச்சிக்குப் போய்விட, ஸ்கிரீன் ரீடர் பயனர் முதலிலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

டயலாக் டேக்கை ஷோமோடல் என்ற செயற்கூறால் திறந்தால் நான்கையும் பிரௌசரே பார்த்துக்கொள்ளும். ஓப்பன் என்ற பண்பை மட்டும் சேர்த்துத் திறந்தால் பின்னணி செயலற்றதாகாது. "டயலாக் டேக் போட்டும் ஓடவில்லை" என்பவர்கள் செய்வது இதைத்தான்.

இதோடு ஒட்டிய அறிகுறி: பாப்-அப்பை மூடிய பிறகு பக்கம் முழுவதும் மௌனம். டேப் நகர்கிறது, ஆனால் ஸ்கிரீன் ரீடர் எதையும் படிப்பதில்லை. பின்னணியை மறைக்கப் போட்ட ஏரியா-ஹிட்டன் நீக்கப்படாமல் இருக்கிறது. அந்தப் பண்பு இருக்கும் உறுப்பைக் கண்டுபிடித்து, மூடும் எல்லா வழிகளிலும் (எஸ்கேப், குறுக்குக் குறி, வெளியே கிளிக்) அது நீங்குகிறதா பாருங்கள். திறந்தவுடனேயே மௌனம் என்றால், மறைக்கப்பட்ட பெட்டிக்குள்ளேயே பாப்-அப்பும் இருக்கிறது.

"வெறும் 'பட்டன்', 'பட்டன்' என்கிறது" அல்லது ஒரு கோப்புப் பெயரைப் படிக்கிறது

ஐகான் மட்டும் உள்ள பட்டனுக்குப் பெயர் இல்லை. பட்டனுக்குள் கண்ணுக்குத் தெரியாத எழுத்தாக "தேடு" என்று வைக்கலாம், அல்லது ஏரியா-லேபிள் போடலாம். மறைக்கும் எழுத்துக்கு "டிஸ்ப்ளே: நன்" போட்டால் ஸ்கிரீன் ரீடருக்கும் மறைந்துவிடும், 1 பிக்சல் பெட்டியில் கிளிப் செய்யும் பழைய முறையே சரி. ரோல் இல்லாத டிவ்வில் போட்ட ஏரியா-லேபிளை நம்ப முடியாது. சில கருவிகள் படிக்கும், சில படிக்காது.

கோப்புப் பெயர் கேட்டால், படத்தில் ஆல்ட் (படத்துக்கான மாற்று விவரம்) பண்பே இல்லை. அலங்காரப் படத்துக்கு ஆல்ட் காலியாக இருக்கலாம், ஆனால் பண்பு இருந்தாக வேண்டும். லிங்குக்குள் படம் மட்டும் இருந்தால் அந்த லிங்க் எங்கே போகிறது என்பதே ஆல்ட்: "வண்டிப் படம்" வேண்டாம், "முகப்புக்குச் செல்" வேண்டும்.

குரல் கட்டளை பயன்படுத்துபவர் "'அனுப்பு' என்று சொன்னேன், பட்டன் கேட்கவில்லை" என்றால் எதிர்த்திசையில் பாருங்கள். திரையில் "அனுப்பு" என்று இருக்கிறது. ஏரியா-லேபிளில் "படிவத்தைச் சமர்ப்பி" என்று யாரோ நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கிறார். கருவிக்குத் தெரிவது இரண்டாவது பெயர் மட்டும். ஏரியா-லேபிளை நீக்கினாலே போதும்.

"படிவத்தில் எந்தப் புலத்தில் இருக்கிறேன் என்று தெரியவில்லை"

"எடிட், பிளாங்க்" என்று மட்டும் கேட்டால் லேபிள் இணையவில்லை. லேபிளின் ஃபார் மதிப்பும் புலத்தின் ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா பாருங்கள். ஒன்றாக இருந்தும் வேறு புலத்தின் பெயர் கேட்டால், ஒரே ஐடி பக்கத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரே படிவத்தை மொபைலுக்கு ஒன்று, டெஸ்க்டாப்புக்கு ஒன்று என்று இருமுறை வைத்த பக்கங்களில் இது வாடிக்கை.

பிளேஸ்ஹோல்டரை லேபிளாக நம்ப வேண்டாம். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். நினைவாற்றல் சிக்கல் உள்ளவர் பாதியில் நிமிர்ந்து பார்த்தால், என்ன கேட்டார்கள் என்பதே திரையில் இருக்காது.

"ஆம், இல்லை" என்று மட்டும் கேட்கிறது, கேள்வி கேட்கவில்லை என்றால் ரேடியோ பட்டன்களை ஃபீல்ட்செட்டுக்குள் வைத்து, கேள்வியை லெஜண்டில் எழுதுங்கள்.

பிழைச் செய்தியில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். "சமர்ப்பி" அழுத்தினார், சிவப்பில் ஏதோ வந்தது, ஸ்கிரீன் ரீடர் எதுவும் சொல்லவில்லை. அவர் படிவம் போய்விட்டது என்று நினைத்துக் காத்திருக்கிறார். இதைச் சரிசெய்யும் வரிசை:

1. தவறான புலத்தில் ஏரியா-இன்வேலிட் மதிப்பை ட்ரூ ஆக்குங்கள்.
2. பிழைச் செய்திக்கு ஓர் ஐடி கொடுத்து, புலத்தின் ஏரியா-டிஸ்கிரைப்ட்பை பண்பில் அந்த ஐடியைக் குறிப்பிடுங்கள்.
3. ஃபோகஸை முதல் தவறான புலத்துக்கு நகர்த்துங்கள். லேபிள், "தவறு" என்ற நிலை, பிழைச் செய்தி மூன்றும் தொடர்ந்து கேட்கும்.
4. செய்தியில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். "தவறான உள்ளீடு" யாருக்கும் உதவாது. "தொலைபேசி எண்ணில் 10 இலக்கம் வேண்டும், 9 உள்ளது" உதவும்.

ஃபோகஸை நகர்த்தாமல் அறிவிக்க வேண்டிய செய்திகளுக்கு ("கூடையில் சேர்ந்தது" போன்றவை) ஏரியா-லைவ் பகுதி வேண்டும். அது போட்டும் பேசவில்லை என்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: பெட்டியையும் செய்தியையும் ஒரே சமயத்தில் பக்கத்தில் செருகுகிறார்கள். பக்கம் ஏறும்போதே காலிப் பெட்டி இருக்க வேண்டும். பிறகு அதற்குள் எழுத்து வந்தால்தான் மாற்றம் என்று கருவி உணரும். மதிப்பு "போலைட்" போதும். "அசர்ட்டிவ்" நடுவில் வெட்டிப் பேசும். அவசரத்துக்கு மட்டும் வையுங்கள்.

கடவுச்சொல், ஓடிபி புலங்களில் பேஸ்ட் செய்வதைத் தடுக்காதீர்கள். கடவுச்சொல் மேலாளர் இல்லாமல் நுழையவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஓடிபியை ஆறு தனிப் பெட்டியாகப் பிரிப்பதை விட ஒரே புலம் எல்லோருக்கும் நல்லது.

"தமிழை உளறுகிறது, அல்லது மௌனமாகத் தாண்டுகிறது"

தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய கோளாறு. நான்கு காரணங்களையும் வரிசையாகச் சோதியுங்கள்.

எச்டிஎம்எல் உறுப்பில் மொழியைச் சொல்லும் லாங் மதிப்பு முதலில். தமிழுக்கு "டிஏ" என்ற இரண்டு எழுத்து. டெம்ப்ளேட்டில் வந்த ஆங்கில மதிப்பு அப்படியே கிடந்தால், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயலும். சில குரல்கள் எழுத்துகளைத் தாண்டி எண்களை மட்டும் படிக்கும். தமிழ்ப் பக்கத்துக்குள் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் தனி லாங்.

லாங் சரியாக இருந்தும் ஆங்கிலக் கூளமாகக் கேட்டால், பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் இருக்கிறது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றியதைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள்.

நகலெடுக்கவே முடியவில்லையென்றால் அறிவிப்பு படமாக இருக்கிறது. எழுத்தாக அடித்துப் போடுவதைத் தவிர வழியில்லை. முழு அறிவிப்பையும் ஆல்ட்டில் திணிக்காதீர்கள், அதற்குள் தலைப்பும் பட்டியலும் வைக்க முடியாது.

கடைசியாக பிடிஎஃப். அதிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி வந்தால், ஸ்கிரீன் ரீடருக்கும் அப்படியேதான் போகும். வேர்டில் "பிரிண்ட்" வழியாக பிடிஎஃப் எடுத்தால் தலைப்பு, பட்டியல் என்ற அமைப்புக் குறிகளும் போய்விடும். "சேவ் அஸ்" வழியாக எடுங்கள். எழுத்துகள் அப்போதும் குலைந்தால், அதே உள்ளடக்கத்தை வலைப்பக்கமாகவும் வெளியிடுங்கள். எங்கள் பரிந்துரை முதலிலேயே வலைப்பக்கம்தான்.

"எழுத்து மங்கலாக இருக்கிறது, பெரிதாக்கினால் பக்கம் குலைகிறது"

சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1, பெரிய எழுத்துக்கு (24 பிக்சல், அல்லது தடித்த எழுத்தில் சுமார் 18.7 பிக்சல்) 3:1 வேறுபாடு வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #999 சாம்பல் 2.85 மட்டுமே தரும். #767676 தான் தேறும் எல்லை, 4.54. ஐகானுக்கும் உள்ளீட்டுப் பெட்டியின் எல்லைக்கோட்டுக்கும் 3:1 உண்டு, அதைப் பலர் மறக்கிறார்கள்.

1280 பிக்சல் சாளரத்தில் 400% ஜூம் என்றால் பக்கத்துக்குக் கிடைப்பது 320 பிக்சல் அகலம். பக்கவாட்டில் உருட்ட வேண்டியிருந்தால் பிக்சலில் நிலைத்த அகலம் எங்கோ இருக்கிறது. எழுத்து கீழே வெட்டுப்பட்டால் நிலைத்த உயரம். அதைக் குறைந்தபட்ச உயரமாக மாற்றுங்கள். தமிழில் மூ, ழு போன்ற எழுத்துகள் கீழே இறங்குவதால், வரி உயரம் இறுக்கமான பெட்டிகளில் ஜூம் செய்யாமலே அடி வெட்டுப்படும், 1.5க்குக் குறையாமல் வையுங்கள். ஜூம் செய்தும் எழுத்து பெரிதாகவே இல்லையா? அளவு விடபிள்யூ (சாளர அகலத்தைச் சார்ந்த) அலகில் மட்டும் இருக்கிறது. ரெம் (அடிப்படை எழுத்தளவைச் சார்ந்த) அலகைக் கலந்து கொடுங்கள். மொபைலில் விரலால் பெரிதாக்க முடியவில்லையென்றால் வியூபோர்ட் மெட்டாவில் உள்ள "யூசர்-ஸ்கேலபிள்" தடையையும் "மேக்சிமம்-ஸ்கேல்" வரம்பையும் நீக்குங்கள்.

விரல் தவறிப் பக்கத்துப் பட்டனில் படுகிறது என்றால், தொடும் பரப்பு குறைந்தது 24×24 பிக்சல். முக்கியப் பட்டன்களுக்கு 44×44 வையுங்கள்.

"லிங்கை அழுத்தினேன், எதுவுமே நடக்கவில்லை"

ரியாக்ட், வியூ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களில் எழுதிய ஒற்றைப் பக்கச் செயலிகளின் அறிகுறி. திரை மாறியது, ஆனால் பிரௌசர் புதிய பக்கத்தை ஏற்றாததால் ஸ்கிரீன் ரீடருக்குச் செய்தி போகவில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆவணத்தின் டைட்டிலை மாற்றி, புதிய பகுதியின் முதல்நிலைத் தலைப்புக்கு டேப்இண்டெக்ஸ் -1 கொடுத்து, ஃபோகஸை அங்கே வையுங்கள்.

நேரம், அசைவு, ஒலி

உள்நுழைவு காலாவதியாகும் முன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுங்கள். தானாக 5 விநாடிக்கு மேல் நகரும் பேனருக்கு நிறுத்தும் பட்டன் கட்டாயம். தலைசுற்றல் புகார் வந்தால், பயனர் அசைவைக் குறைக்க விரும்புகிறாரா என்று அறியும் "ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்" மீடியா குவெரியில் அசைவுகளை நிறுத்துங்கள். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் உடனே எடுத்துவிடுங்கள். அது வலிப்பைத் தூண்டக்கூடும். வீடியோவில் தானியங்கி வசனவரிகளை அப்படியே விடாதீர்கள். பெயர், எண், "இல்லை" என்ற சொல் மூன்றையும் ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

"லைட்ஹவுஸ் 100 தருகிறது, புகார் மட்டும் நிற்கவில்லை"

லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் ஆகிய தானியங்கிச் சோதனைக் கருவிகள் ஆல்ட் இருக்கிறதா என்று பார்க்கும். அதில் எழுதியது உண்மையா என்று பார்க்க அவற்றால் முடியாது. ஃபோகஸ் வரிசை அர்த்தமுள்ளதா, பிழைச் செய்தி காதில் விழுந்ததா என்பதும் அப்படியே. அவை சுட்டும் பிழைகளை முதலில் தீருங்கள், பிறகு மேலே சொன்ன கீபோர்டு, ஸ்கிரீன் ரீடர் சோதனைகளுக்கு வாருங்கள். ஒரே வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் தளம் அணுகக்கூடியதாகும் என்று விற்கப்படும் மேலடுக்குக் கருவிகளைச் சேர்த்தாலும், டிவ்வாக இருக்கும் பட்டனின் கோளாறு உங்கள் கோடில் அப்படியேதான் இருக்கும். சில சமயம் அந்தக் கருவிகள் பயனரின் சொந்த ஸ்கிரீன் ரீடரோடு மோதவும் செய்யும்.

திருத்தியதைப் புகார் தந்தவரிடமே சோதனைத் தளத்தில் காட்டுங்கள், அதே பிரௌசர், அதே கருவி. அவர் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். அவர் அந்த வேலையை முடித்த பிறகு புகாரை மூடுங்கள். அதே கூறு வேறு எந்தப் பக்கங்களில் இருக்கிறது என்று கோடில் தேடி, அங்கேயும் மாற்றுங்கள்.